கஜலட்சுமி அம்மாவின் அச்சாறு வகுப்பு

கஜலட்சுமி அம்மா எங்களுக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். என் மனைவி போட்ட காய்கறி ஊறுகாய், அச்சாறு, ஐந்து போத்தல், ஒன்று எண்ணூற்றைம்பது. பொரித்த கஜு, முந்திரிப்பருப்புத்தான், நான்கு பைக்கற், ஒன்று எண்ணூறு. வாங்கி மூன்று மாதமாகிவிட்டது. தின்று, செரித்து, மறந்தும் போயிருப்பார்கள்.

அவருடைய கணவரின் பலசரக்குக் கடையில்தான் பதினாறு வருடமாக மூட்டை தூக்குகிறேன். கண்டி டவுனில் பெரிய கடை. ஆகவே எங்கள் காசைக் கேட்பதற்கும் முதுகை வளைக்க வேண்டியிருந்தது. அது ஏற்கெனவே வளைந்ததுதான், சிரமமில்லை.

"காசு வரும் எஸ்ரன், நான் ஓடியா போகப்போறேன்?" என்பார் அம்மா, என் பெயரைச் சொல்லி. ஓட மாட்டார் என்பது எனக்கும் தெரியும். மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

என் மனைவி மரியகொறற்றிக்கு அந்தக் காசு உடனே வேண்டியிருந்தது. அக்குறணையில் கடை வைத்திருக்கும் ருஷ்தி அவளுக்குக் கடனுக்குக் கஜு கொடுத்திருந்தார். பழையதைக் கட்டினால்தான் டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்குப் புதியது என்று சொல்லிவிட்டார். நத்தார் வியாபாரம் போனால் எங்களுக்கு அந்த வருடமே போனது மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் கஜலட்சுமி அம்மா சமையல் வகுப்புத் தொடங்கினார். மொறுமொறு அச்சாறு, பொரித்த கஜு. ஒரு நாள் படிப்பு, ஆளுக்கு ஏழாயிரத்து ஐநூறு ரூபாய். முடிவில் பொன்னிற எழுத்தில் சான்றிதழ் வேறு. கொறற்றி காசு கேட்கப் போனாள்.

"நல்ல நேரத்துல வந்த. வகுப்புல ஒனக்கு ஒரு எடம் வச்சிருக்கேன். நம்ம கணக்கு அதோட தீந்துரும். நீ மேல ஒரு அம்பது ரூபா கட்டினாப் போதும்."

"எனக்கு என்னத்துக்கும்மா வகுப்பு? நீங்க வாங்கின அச்சாறே நான் போட்டதுதானே?"

"போட்டா மட்டும் போதுமா? முறையாப் படிக்க வேணாமா?"

கொறற்றி வீட்டுக்கு வந்து என்னிடம் ஐம்பது ரூபாய் கேட்டாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா?"

"குடுங்க. காசு கட்டிப் படிக்கப் போறேன்."

அவள் கத்தினால் நானும் கத்துவேன். மெதுவாகப் பேசினால் எனக்குப் பயம். கொடுத்துவிட்டேன். போய்க் கட்டி, ரசீதும் கேட்டு வாங்கி வந்தாள். ஏழாயிரத்து ஐநூறு, முழுத் தொகையும் செலுத்தியாயிற்று என்று அதில் இருந்தது.

வகுப்பு நாளில் ஏழு கதிரையும் கேஸ் சிலிண்டரும் என் முதுகில்தான் அம்மா வீட்டு மாடிக்குப் போயின. கூலி இல்லை. வாசலில் நின்று வகுப்பைப் பார்க்கலாம் என்று அம்மா அனுமதி கொடுத்தார். ஏழு கதிரையில் ஏழு பெண்கள் உட்கார்ந்தார்கள். எட்டாவது மாணவி கொறற்றிக்கு ஒரு பிஸ்கற் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

அம்மா கரட்டையும் போஞ்சியையும் வெங்காயத்தையும் ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். "மொறுமொறுப்போட ரகசியம் இதுதான்" என்றார். ஈரம் சொட்டச் சொட்ட அதன்மேல் கொதிக்கும் வினாகிரியை ஊற்றினார். காய்கள் துவண்டு படுத்தன.

கொறற்றி காய்களை உப்பில் பிரட்டி, எங்கள் தகரக் கூரையில் ஒரு பகல் முழுக்க வாடவிடுவாள். வாடின காய்தான் பிறகு பல்லில் கடிபடும். கண்டி வெயிலை நம்ப முடியாது. மழை இருட்டினால் ஓடிப்போய்க் கூரையில் ஏறுகிறவன் நான். ஆனால் அம்மாவுக்கு வாடினதைக் கண்டால் ஆகாது. என்னைக் கண்டாலும் அப்படித்தான்.

கஜுவைப் பொன்னிறம் வரும்வரை எண்ணெயிலேயே வைத்திருந்தார். இறக்கிய பிறகும் அது தன் சூட்டிலேயே கறுத்துக்கொண்டு போனது. பெண்கள் அதையும் பக்தியோடு கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

"அச்சாறு மூணு நாள் ஊறணும். அதனால நான் முந்தியே போட்டு வச்சத ருசி பாருங்க" என்று மேசைக்குக் கீழேயிருந்து ஒரு போத்தலை எடுத்தார்.

எங்கள் போத்தல். தின்று முடித்திருப்பார்கள் என்று நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேன். நான் பெயரெழுதி ஒட்டிய துண்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசை மட்டும் போகாமல் வெள்ளையாக நின்றது.

ஏழு வாயும் நொறுக் நொறுக்கென்று மென்றன. "என்ன கைப்பக்குவம்!" என்றாள் ஒருத்தி. அம்மா தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

பிஸ்கற் தகரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம். நீங்க கரட்டும் போஞ்சியும் வெங்காயமும்தானே போட்டீங்க? இதுல பப்பாசி எப்படி வந்துச்சு?"

"அது... அது வேற முறை."

"அப்ப அந்த முறையையும் சொல்லித் தாங்களேன்."

மடவளையிலிருந்து வந்திருந்த ஸஹ்ரா பேனையை மூடினார். "மெய்தான், பேரீச்சம்பழமும் ஈக்குது. நாங்களும் இதப் படிக்கத்தானே வந்தது?"

"டீ குடிச்சிட்டுப் பேசுவோம்" என்று அம்மா எழுந்து, கொறற்றியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். தேநீர் ஊற்ற முந்திப் போன நான் தட்டோடு அங்கேதான் நின்றேன்.

"ஏன்டி, என் மானத்த வாங்கவா வந்த?"

"படிக்க வந்தேம்மா. காசு கட்டினவ சந்தேகம் கேக்கக் கூடாதா? இன்னும் ரெண்டு இருக்கு. கஜு ஏன் கறுத்துச்சு? போத்தல்ல ஒட்டியிருந்த துண்டு எங்க போச்சு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"ஒனக்கு இப்ப என்ன வேணும்?"

"எனக்குப் படிப்பு ஏறல்லம்மா. என் பேர வெட்டிட்டு, கட்டின காசத் திருப்பித் தந்துருங்க. இந்தாங்க ரசீது."

அடுத்த அறையில் ஸஹ்ரா பேரீச்சம்பழத்தைப் பற்றி மற்றவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் அம்மாவின் கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. அன்று காலை வசூலித்த தாள்கள். ஏழாயிரத்து ஐநூறை எண்ணிக் கொடுத்தார்.

"சான்றிதழ் கெடையாது, சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா."

கொறற்றி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். முதல் வேலையாக என் சட்டைப் பையில் ஐம்பது ரூபாயைச் செருகினாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ருஷ்தியின் கடை பூட்டுவதற்குள் அக்குறணை பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.

கடன் தீர்ந்தது. ஏழு கதிரையையும் கேஸ் சிலிண்டரையும் நான்தான் கீழே இறக்கினேன். அதற்கும் கூலி இல்லை.