இரண்டாம் மாடிக் கணக்கு

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்து ஒரு வருடம் ஆனவர்களில் அத்தனை பேர் சிரமமில்லாமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பலகையே வைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவளைக் கணக்கு மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புள்ளியியல் படித்தவள். பின்கட்டிடத்தில், கம்ப்யூட்டரும் கிறீச்சிடும் மின்விசிறியும் உள்ள அறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் அனுப்புகிற எண்களைச் சலித்துப் புடைத்துக் கொடுப்பது அவள் வேலை. பேரும் முகமும் அவளிடம் வராது. இந்த முறை வந்ததில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்கு எதிரே 'பரிசோதனைக்கு வரவில்லை' என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் வந்தவர்களை மட்டும் எண்ணி மார்தட்டிக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று அவள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள்.

முட்டி டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். சின்ன வெட்டு, மூன்றாம் நாள் வீடு என்று புதுமுறை ஒன்றை அவரே உண்டாக்கியிருந்தார். இனி எல்லோருக்கும் அதே முறைதான் என்றும், அதைப் பற்றிய கட்டுரை இந்த மாதமே மருத்துவ இதழுக்குப் போக வேண்டும் என்றும் ஒற்றைக்காலில் நின்றார். "வராதவங்க எல்லாம் நல்லா இருக்காங்க மேடம். வலி இருந்தா ஓடி வந்திருக்க மாட்டாங்களா?" என்றார். வலி இருந்தால் அவர்கள் எப்படி ஓடி வருவார்கள் என்று அவள் கேட்டதற்குக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கலைந்துபோனார்கள். 'வந்தவர்களில்' என்ற ஒரு சொல்லையாவது முன்னால் போடுங்கள் என்று கெஞ்சினாள். பலகையில் அதற்கு இடமில்லையாம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இதற்கு நடுவில் அக்கா வேறு. போன வருடம் இதே டாக்டரிடம், இதே புதுமுறையில், வலது முட்டியை மாற்றிக்கொண்டவள். அப்போதே பேசி வைத்தபடி, வருகிற வியாழக்கிழமை இடது முட்டிக்கு நாள் குறித்தாயிற்று. வழக்கமாகக் கூட்டிப்போகிற அக்கா மகன் வெளியூர் போயிருந்ததால், அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்குத் தங்கை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். வண்டியிலிருந்து இறங்கவே அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். கேட்டால் வயசாயிடுச்சுல்ல என்றாள். அக்காவுக்கு எதற்கும் அதுதான் பதில்.

கீழ்த்தளத்தில் புது ஸ்கேன் மெஷின் வந்த நாளிலிருந்து, முட்டிப் பரிசோதனை அறை இரண்டாம் மாடிக்குப் போய்விட்டது. லிஃப்ட் கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு காகிதம். எழுத்து வெளுத்து, ஒரு மூலை சுருண்டிருந்தது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே மருந்துக்கடைப் பக்கத்து பெஞ்சுக்குப் போய், சொந்த வீட்டு நாற்காலி மாதிரி உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே கைத்தடியோடு ஓர் அம்மாளும், வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் இருந்தார்கள். டிரைவர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தங்கையிடம் நீங்க புதுசா என்று விசாரித்தார்.

போன தடவை எப்படி மாடி ஏறினாய் என்று தங்கை கேட்டாள். எங்கே ஏறினேன், மகன் வண்டியை நிறுத்த இடம் தேடுகிற நேரம் இங்கேயே உட்கார்ந்திருந்து, பார்த்தாயிற்று என்று அவனிடம் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டேன் என்றாள் அக்கா. அதற்கு முந்தின தடவையும் அப்படித்தானாம். கைத்தடி அம்மாளும் டிரைவரும் தாங்களும் அப்படித்தான் என்றார்கள்.

கணக்கு மேடத்துக்கு அப்போதுதான் விளங்கியது. படி ஏற முடிகிறதா என்ற கேள்வியைக் கேட்பதற்கு இரண்டு மாடி ஏறி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏறி வந்தவர்கள் ஏற முடிகிறது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? முடியவில்லை என்று சொன்ன அந்த ஆறு பேர் எப்படித்தான் மேலே போய்ச் சேர்ந்தார்களோ. மாதக்கணக்கில் அவள் தேடிக்கொண்டிருந்த 'வரவில்லை' எல்லாம் இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது, அதில் ஒன்று கூடப்பிறந்த அக்கா.

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு, நூத்துக்குத் தொண்ணூத்திநாலு பேர் ஏறுறாங்கன்னு. நீ போட்ட கணக்குதானே? எனக்கு முடியலைன்னா தப்பு என்மேலதான். நான்தான் பயிற்சியை ஒழுங்கா செய்யலை. இந்தக் காலுக்காவது சரியா செய்யணும்."

அதற்கு மேல் தங்கையால் அங்கே நிற்க முடியவில்லை. மூச்சிரைக்க மாடி ஏறிப்போய், வரிசையில் நின்றவர்களைத் தாண்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். கீழே வந்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தாள். லிஃப்ட் ஓடாதது அவருக்குத் தெரியும். ஆனால் உடம்புக்கு நல்லது என்று இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

கீழே வந்த டாக்டர் அக்காவிடம் குனிந்து, கால் எப்படி இருக்கிறது என்று அன்பாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு டாக்டர். உங்க புண்ணியம்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். கைத்தடி அம்மாளும் நன்றாக இருக்கிறது என்றாள். டிரைவர் ஒரு படி மேலே போய், டாக்டர் கைபட்டாலே போதும் என்றார். டாக்டர் கணக்கு மேடத்தைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வெற்றி வழிந்தது. இவர்கள் மரியாதையைக் கொண்டுபோய் எந்தக் கிணற்றில் போடுவது?

"சரி, எல்லாரும் மேலே வாங்க. டாக்டர் உடனே பார்த்துடுவார்" என்றாள் அவள்.

பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. டிரைவர் வாக்கரைப் பார்த்தார். கைத்தடி அம்மாள் தரையைப் பார்த்தாள். டாக்டரை எதிரே நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது அழகில்லை என்று அக்கா மட்டும் எழுந்தாள். பெஞ்சின் விளிம்பை ஊன்றி, சுவரைப் பிடித்து, படிக்கட்டுவரை வந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி முதல் படியில் இடது காலை வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்தாள். அறுவை செய்த கால்தான் இழுபட்டது. மூன்றாம் படியில் நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் இருங்க டாக்டர். உங்க நேரத்தை வீணாக்கறேன்."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அக்காவைப் பிடித்து அந்தப் படியிலேயே உட்காரவைத்து, தானும் கீழ்ப்படியில் உட்கார்ந்து முட்டியை அழுத்திப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்தே என்றாள் அக்கா, பயிற்சி சரியாகச் செய்யாததால் என்றும் உடனே சேர்த்துக்கொண்டாள்.

"பயிற்சி காரணமில்லைம்மா" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை வேண்டாம் என்று அவரே சொன்னார். முதலில் வலது காலில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும், வராதவர்களை எல்லாம் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும், அதுவரை கட்டுரை போகாது என்றார். வாசல் பலகையை மட்டும் உடனே எடுக்க முடியாதாம். அதற்கு நிர்வாகக் கூட்டம் கூட வேண்டுமாம்.

திரும்பும் வழியெல்லாம் அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். நாலு பேர் முன்னால் அந்த மனுஷன் முகம் எப்படிப் போய்விட்டது, உனக்கு எதிலும் விட்டுக்கொடுக்கத் தெரியாது, சின்ன வயதிலேயே இப்படித்தான் என்று நீட்டி முழக்கினாள். வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று தங்கை பயந்தாள். வீட்டுத் தெரு வந்தபோது அக்கா திட்டுவதைத் திடீரென்று நிறுத்தினாள்.

"அப்போ, நான் பயிற்சி செஞ்சதுல தப்பில்லையா?"

"இல்லைக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தினமும் செஞ்சேன்டி" என்றாள். "அழுதுக்கிட்டே செஞ்சேன்."