பித்தளை தெரிந்த கேமரா

ஜப்பானின் ஆடம்பரக் கடைவீதியான கின்சாவில் குசுமோத்தோ டாக்டரிடம் பல்லைக் காட்ட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் பழைய ஜெர்மன் கேமரா சேர்க்கும் பணக்காரர்களின் சங்கத்தில் அவரை யாரும் சீந்தவில்லை. அவருடைய கேமரா பளபளவென்று இருந்ததுதான் குற்றம். பளபளப்பு அங்கே புதுப்பணக்காரனின் அடையாளம். மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்து, அடியில் இருக்கும் பித்தளை எட்டிப் பார்த்தால்தான் மரியாதை. 'வாழ்நாளெல்லாம் படம் எடுத்து உழைத்தவன்' என்று அதற்குப் பொருள். இப்படிப் பொருள் சொன்னவர்கள், தூறல் விழுந்தால் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்.

டாக்டர் ரகசியமாக இன்னொரு கேமரா வாங்கினார். ஒரு குளிர்காலம் பூராவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பல்லுக்கு மெருகு போடும் மெஷினால் அதைத் தேய்த்தார். கட்டைவிரல் படும் இடம், வார் உரசும் இடம், மூக்கு இடிக்கும் இடம். எந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் அவர் அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை. வசந்தத்தில் அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோய், "முப்பது வருஷமா என் கூடவே இருக்கு. வெளிய காட்டினதில்ல" என்று சொல்லிவைத்தார்.

சங்கத் தலைவர் இசோனோவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிலம் வாங்கி விற்கிற அந்தக் கண்கள் லேசில் கலங்குபவை அல்ல. அன்றிலிருந்து தேய்ந்த கேமராக்களுக்கு விலை எகிறியது. இலைகள் சிவக்கும் சமயத்தில் தலைவர் அறிவித்தார்: "டாக்டரோட முப்பது வருஷப் படங்களைக் கண்காட்சி வைக்கிறோம். ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

டாக்டரிடம் இருந்த படங்கள் எல்லாம் எக்ஸ்ரே.

"அதையே மாட்டுங்களேன், அதுவும் முப்பது வருஷ உழைப்புதானே" என்றாள் மனைவி தோமோயே.

"கிண்டல் பண்ணாத. சோறு எறங்கல எனக்கு."

"அப்பப் போய் உண்மையச் சொல்லுங்க. என்ன பண்ணிடுவாங்க? சங்கத்த விட்டு விலக்குவாங்க. ஞாயித்துக்கிழமையும் நீங்க வீட்ல இருப்பீங்க. கஷ்டம் எனக்குத்தான்."

அந்த மாதக் கூட்டம் விலாங்குமீன் கடையின் தனியறையில் நடந்தது. சூப் வந்ததும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மருந்துக் கம்பெனி முதலாளி ஷிமாகாவாவின் குச்சிகள் மீனோடு பாதிவழியில் நின்றன.

தலைவர்தான் முதலில் சிரித்தார். "பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் தன்னடக்கம்."

"தன்னடக்கம் இல்ல தலைவரே. பல்லு மெஷின்."

தலைவர் நெருங்கி உட்கார்ந்தார். "டாக்டர், உங்களத பாத்துட்டு நான் நாலு வாங்கியிருக்கேன். ஷிமாகாவா மூணு. அதுவும் மாமனார் காசுல. உங்களதே பொய்யின்னா, எங்களத எவன் தொடுவான்? நீங்க தேய்க்கல. புரியுதா?"

"தேய்ச்சேனே!"

"மெஷின்ல தேய்ச்சா பித்தளையில இவ்வளவு சோகம் வராதுங்க" என்றார் ஷிமாகாவா, மீனை வாயில் போட்டுக்கொண்டு.

"அப்ப படத்துக்கு எங்க போறது?"

"நெகட்டிவ் எல்லாம் வெள்ளத்துல போச்சு" என்றார் தலைவர்.

"எங்க வீடு ஏழாவது மாடி!"

"தண்ணிக் குழாய் வெடிச்சிருக்கும். சூப் ஆறுது, குடிங்க."

கண்காட்சி நடந்தது. வெற்றுச் சுவர்களில், காணாமற்போன படங்களின் பெயர்கள் மட்டும் தொங்கின. எல்லாம் ஷிமாகாவா வைத்த பெயர்கள். 'மழைக்கு முன் ஓசாகா' என்பதன் எதிரே ஒரு பெண்மணி நெடுநேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரை ஆயுட்காலக் கௌரவத் தலைவராக்கினார்கள். கேமரா இல்லாமல் அவர் தெருவில் இறங்கக் கூடாது என்பதும் அன்பான வேண்டுகோளாக வந்தது.

"எங்களை ஒரு படம் எடுங்க டாக்டர்!"

கேமராவில் பிலிம் இல்லை. என்றுமே இருந்ததில்லை. அது எதிரே வரிசைகட்டி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். டாக்டர் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் தலைவர், ஷிமாகாவா, ஒவ்வொரு மார்பிலும் ஒரு பித்தளை மினுமினுப்பு. எல்லாரும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினார். கைதட்டல் எழுந்தது. அவர் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று தலைவர் தோளில் கை போட்டார். "நான் கண்ண மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்க."