பச்சை அம்பு போட்ட பதினோரு கற்கள்

என் தங்கை ஸோய்லாவின் வீடு எரிமலைச் சரிவில், மேட்டுத்தெருவில் இருக்கிறது. சிகரத்தைப் பார்த்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு வயர்லெஸ்ஸில் நிலவரம் சொல்வது என் வேலை. மலையைச் சுற்றிப் பதினான்கு பேர் வரிசையாகப் பேசுவோம். எல்லா ஊரும், தலைநகர் நிலையமும் கேட்கும்.

ஏப்ரலில் தலைநகரிலிருந்து இன்ஜினியர் ஹிமேனா வந்து, எரிமலையின் வாய்ப் பாறையில் பதினோரு கற்கள் உடைத்தாள். ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் எது என்று பச்சை அம்பு போட்டாள்.

"இதை மெஷின்ல நசுக்கிக் காது குடுத்துக் கேப்போம். உடையறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள பொடிப்பொடியா விரிசல் விட்டுச் சத்தம் போடும். மலைக்கு அடியில வர்ற சின்ன நடுக்கமும் அதே மாதிரிதான். அப்புறம் கல்லுக்குள்ள காத்து போகுதான்னு பாப்போம். போகலேன்னா வாயு அடைஞ்சு, ஒருநாள் வெடிக்கும்."

தங்கை புருஷன் அனிபல் நம்பவில்லை. "உருளைக்கிழங்கு நோய்க்கு மண்ணு எடுக்கறேன்னு ஒருத்தன் வந்தான். அடுத்த வருஷம் சுரங்கத்துக்கு முளை அடிச்சான். இவளும் வெடிக்கும்னு சொல்லி நம்மளக் கிளப்பத்தான் பாக்கறா. மறந்துட்டியா மச்சான்?"

நான் மறக்கவில்லை. ஹிமேனா மூட்டையை என் கொட்டகையில் வைத்துவிட்டு வேறு மலைக்குப் போனாள். மறுநாள் அது கோவேறு கழுதையில் போவதற்குள், நாங்கள் ஆற்றிலிருந்து பதினோரு ஓட்டைக் கற்களைக் கொண்டுவந்து மாற்றினோம். கோழிக்கூட்டுக்கு அடித்த பச்சை பெயிண்டில் அம்புகளை நானே வரைந்தேன். அசல் கற்கள் கினிப்பன்றிக் கூண்டுக்கு அடியில் போயின.

ஜூனில் வயர்லெஸ்ஸில் முடிவு வந்தது. வாய்ப் பாறை காற்றை நன்றாக விடுகிறதாம். மேட்டுத்தெரு காலி செய்ய வேண்டியதில்லையாம். அனிபல் கோழி அடித்தான்.

அந்த வாரம் நடுக்கம் ஒரு நாளைக்கு நாற்பதிலிருந்து நூற்றுத்தொண்ணூறு ஆனது. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் தானாக நகர்ந்தது. அதன் அருகே என் தங்கை மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை என் முறை வந்ததும் சொன்னேன்: "மேகம் இல்லை. புகை வெள்ளை. நீங்க சோதிச்சது ஆத்துக் கல்லு. மாத்தினது நான். ஓவர்."

பிறகு ஹிமேனாவின் குரல். "அசலு எங்க?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

"அதுதான் அசல்னு நான் எப்படி நம்பறது?"

அவள் வந்து, எடுத்த அன்றே பிடித்த படங்களோடு ஒவ்வொரு கல்லையும் ஒப்பிட்டாள். நான் தொட நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். ஆறாம் நாள் பதில் வந்தது: கல் இறுக்கம், காற்று போகவில்லை. காலி செய்யும் கோடு மேட்டுத்தெருவுக்குக் கீழே இறங்கியது.

இப்போது அடிவாரத்துப் பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்து மேட்டுத்தெருவின் முப்பத்தொரு குடும்பங்கள் இருக்கின்றன. நான் மாலையில் நிலவரம் சொன்னால், அடுத்த ஊர்க்காரன் அதையே மறுபடி பார்த்துச் சொல்கிறான். நேற்று சோளம் கொண்டுபோனேன். ஸோய்லா ஒரு கதிரை உரித்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம வயல்லதுதானே அண்ணா? இல்ல, இதையும் மாத்திட்டியா?"