மாப்பிள்ளையும் மூன்று மாத முற்பணமும்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. ஆகவே முதல் வசனமே பிழையாய்ப் போயிற்று. '1981இல் கல்முனைப் பெண்கள் விழித்தெழுந்தார்கள்' என்று எழுதினேன். ஒருத்தரும் எழவில்லை. சுல்பிகா என்ற பட்டதாரி ரீச்சர் வங்கியில் கடன் எடுத்து இரண்டறை வீடொன்று வாங்கினாள், அவ்வளவுதான்.

(அவள் வாப்பா பெரும்போக நெல் விற்று முன்காசு கொடுத்ததை மறைக்கப் பார்த்தேன். உம்மா விடமாட்டார்.)

2

வாங்கியது குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த நேர்ஸ் கனகேஸ்வரி அங்கே இருக்கிறாள். அவள் வாடகை அப்படியே வங்கித் தவணைக்குப் போகிறது. எட்டு வருசத்தில் கடன் முடியும்; பிறகு இரண்டாவது வீடு.

ஊருக்கு இது விளங்கவில்லை. எங்களிடம் குமர்ப்பெண்ணுக்கு ஒரு வீடு என்றால் அது கலியாண வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறுவதற்கு.

[இவ்விடத்தில் சுல்பிகாவைப் புரட்சிக்காரி ஆக்க நினைத்தேன். போன பொங்கலுக்கு முதல்நாள் பார்த்து அவள் கனகேஸ்வரிக்கு வாடகையைக் கூட்டியது ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.]

3

பெண் பார்க்க அல்ல, வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை றஊப், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கூடவே அவன் தாய் நாச்சியா. காரணம் சொல்லாமல் சுல்பிகாவையும் கூட்டிவந்திருந்தார் உம்மா. இரவு டியூட்டி முடித்துப் பகலில் படுத்திருந்த கனகேஸ்வரி எழும்பி வந்து கதவைத் திறந்தாள்.

நாச்சியா சுவரைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல ஊடு. பின்னால ஒரு குசினி இறக்கினாப் போதும்." கனகேஸ்வரியிடம் திரும்பினாள். "நீங்க எப்ப, மகள், ஊட்ட உடுறீங்க?"

"என்ன ரீச்சர், எனக்கிட்டச் சொல்லவே இல்லையே?"

ரீச்சருக்கே அப்போதுதான் தெரியும்.

"நாந்தான் ஓம் எண்டுபோட்டன்," என்றார் உம்மா. "கலியாணத்துக்கு இல்லாம, ஊட்ட அடைகாக்கவா வெச்சிருக்காய்?"

"வாடகை இல்லாட்டித் தவணைய ஆரும்மா கட்டுற?"

"ஒண்ட சம்பளத்துல கட்டன்."

எரிமலையாக வெடித்த சுல்பிகா...

இல்லை. வெடிக்கவில்லை. கனகேஸ்வரியின் அடுப்பிலேயே எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

4

கோப்பையை நீட்டிக்கொண்டே றஊப்பிடம் சொன்னாள்: "வாறதெண்டா வாங்க. மாசம் இருநூற்றம்பது, மூணு மாச முற்பணம். நொத்தாரிசிட்டப் போய் எழுதிக்குவம்."

"மாப்பிளைக்கிட்ட வாடகையா! யா அல்லாஹ், இதுக்கா இவளப் படிப்பிச்ச?" நாச்சியா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினாள்.

றஊப் எழும்பவில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டான்:

"கறண்டு பில் ஆரு?"

(இதை நான் எழுதவில்லை, அவனாகக் கேட்டான். சுல்பிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அவனை அவளுக்குப் பிடித்துப்போகுமோ என்று எனக்குப் பயமாயிருக்கிறது.)

5

முடிவு ஒன்று: கலியாணம் குழம்புகிறது, வீடு தப்புகிறது. என் ஆத்திரத்துக்கு இதுதான் ருசி.

முடிவு இரண்டு: றஊப் கையெழுத்து வைக்கிறான். உலகத்தில் வாடகை கட்டிய முதல் மாப்பிள்ளை. எழுதிவிட்டுக் கைதட்டக்கூடப் பார்த்தேன். அதற்குள் வாசலில் நின்ற கனகேஸ்வரி கதைத்துவிட்டாள்.

"ரீச்சர், நான் மூணு வருசம் ஒரு மாசமும் பிந்தாமக் கட்டினவள். நீங்க கூட்டினபோதும் வாய் திறக்கல்ல. இப்ப நான் எங்க போற?"

சுல்பிகா சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதினால் என் கதாநாயகி நல்லவளாக மிஞ்சமாட்டாள், நானும்தான். ஆகவே எழுதமாட்டேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முதல், நீங்கள் இருக்கிற வீடு ஆருடையது என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். உங்கள் முடிவு அதைப் பொறுத்துத்தான் வரும்.