வெட்டாத பத்தொன்பதாம் இதழ்

பூமாரியிடம் முப்பத்தொன்பது இதழ் முழுசாகவும் ஒன்று மூளியாகவும் இருந்தது. அந்த மூளி ஒன்றுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

எண்பதுகளில் சிவகாசியிலிருந்து ‘கழுகுக்கண் காத்தாயி’ என்று ஒரு காமிக்ஸ் வந்தது. குதிரை ஏறி, கையில் பூதக்கண்ணாடியோடு ஊர் ஊராகப் போய்க் கள்ளனைப் பிடிக்கிற பொம்பளை காத்தாயி. நாற்பது இதழோடு போட்டவர் கடையைக் கட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் பூமாரி பிறந்தாள். சாத்தூர்ப் பக்கம் அவள் அம்மா வெடி சுருட்டப் போன இடத்தில், எடைக்கு வந்து விழுந்த பழைய பேப்பர் மூட்டைக்குள் காத்தாயி கிடந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் சரவெடியாகிப் போயிருப்பாள். பூமாரி பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

இப்போது ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை, பென்னலூரில் நாலு பெண்களோடு ஒரு ரூம். மற்றவர்கள் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் பட்டுப்புடவை வைத்திருந்தார்கள், இவள் காத்தாயியை வைத்திருந்தாள். ஓ.டி. காசில் மற்றவர்கள் நகைச்சீட்டுப் போட, இவள் பழைய புத்தகக் கடைகளில் போட்டாள். கட்டிக்கப் போறவன் இதையெல்லாம் பார்த்தால் என்ன நினைப்பான் என்று அம்மா போனில் அழுதாள். பார்த்துவிட்டு ஓடுகிறவன் அப்போதே ஓடட்டும் என்று பூமாரி சொல்லிவிட்டாள்.

மூளியாக இருந்தது பத்தொன்பதாம் இதழ். கோயில் வைரத்தைத் திருடியது யார் என்று கடைசிப் பக்கத்தில்தான் காத்தாயி சொல்வாள். புத்தகம் போட்ட மகராசன் அந்தப் பக்கத்தின் முதுகிலேயே போட்டிக் கூப்பனை அச்சடித்துவிட்டான். ஓரத்தில் புள்ளிக்கோடு, பக்கத்தில் கத்தரிக்கோல் படம். வெட்டி, பெயரும் முகவரியும் எழுதி அனுப்பினால் காத்தாயி வைத்திருப்பது போலவே ஒரு பூதக்கண்ணாடி பரிசு. விடுவார்களா பையன்கள்? தமிழ்நாடு பூராவும் வெட்டித் தள்ளிவிட்டார்கள். எத்தனை பேருக்குக் கண்ணாடி வந்ததோ தெரியாது, கதையின் முடிவு மட்டும் மொத்தமாக சிவகாசிக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

வெட்டாத பத்தொன்பது ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் மாதத்தின் முதல் ஞாயிறு ஓர் ஓட்டல் மாடியில் பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். பூமாரியைத் தவிர எல்லாரும் ஆண்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் எழிலரசன், ஒரகடத்தில் வேறொரு பெரிய கம்பெனியில் பர்சேஸ் ஆபீசர். அவரிடமும் நாற்பது இருந்தது, பத்தொன்பது அங்கேயும் மூளிதான். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். உறையைப் பிரித்தால் மதிப்பு போய்விடுமாம், அதனால் அவர் படிப்பதில்லை. கழுதைக்குக் கற்பூரம் கிடைத்தால் உறை போட்டு வைக்காது என்று பூமாரி நினைத்துக்கொள்வாள்.

வெட்டின பிரதியையும் முழுசாகவே கணக்கு வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் எழிலரசன் தீர்ப்புச் சொன்னார். கள்ளன் யாரென்று தெரியாத கதை எப்படி முழுசாகும் என்று பூமாரி கேட்டாள். அவர் சிரித்தார். “உனக்கு இது புரியாதும்மா. தம்பிக்காகத்தானே சேக்கிற? அவனை ஒரு நாள் கூட்டிட்டு வா” என்றார். பூமாரிக்குத் தம்பியே கிடையாது. அன்றைக்கு ஓட்டல் படியிறங்கும்போதே முடிவு கட்டிவிட்டாள், வெட்டாத பத்தொன்பதை இவர்கள் மூக்குக்கு முன்னால் வைக்காமல் விடுவதில்லையென்று.

வழி காட்டியது கம்பெனி கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிற அக்கா. பூமாரி புலம்பியதைக் கேட்டுவிட்டு, நானும் சின்ன வயசில் இதெல்லாம் படித்திருக்கிறேன், ஆனால் வெட்டி அனுப்பினதே இல்லை என்றாள் அந்த அக்கா. பொட்டைப் பிள்ளை பேருக்குத் தபால் வந்தால் அவள் அப்பா காலை ஒடித்திருப்பாராம். அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துப் படிப்பவள் முகவரி எழுதி அனுப்ப முடியுமா?

பூமாரி சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் ஆண்கள் ஆண்களிடமே போய்த் தேடியிருக்கிறார்கள். வெட்டினவனிடமே போய் வெட்டாதது கேட்டால் எங்கே கிடைக்கும்?

அன்றிலிருந்து அவள் பெண்களைக் கேட்டாள். ஷிப்ட் பஸ்ஸில், தண்ணீர் லாரிக்குப் பின்னால், தையல் கடையில், நாற்பது வயசுக்கு மேலே யார் அகப்பட்டாலும் கேட்டாள். முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, மாட்டுக் கொட்டகைக் கூரையில் சொருகி வைத்தது, கணக்குப் புத்தக அட்டைக்குள் ஒளித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். யாரிடமும் இப்போது புத்தகம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அடுப்புக்குப் போயிருந்தது. கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயில் வரிசையில் முன்னால் நின்ற பெண்மணி மட்டும், எங்க ஊர் லீலாவைக் கேட்டுப் பார், அது புகுந்த வீட்டுக்கே பொம்மைப் புத்தகத்தோடு வந்த ஜன்மம் என்றாள்.

லீலாவின் வீடு வடக்குப்பட்டில். புருஷன் கோதண்டராமன் தொழிற்பேட்டைக்கு நிலம் போன பணத்தில் ஒரு வேன் வாங்கி, அதை எந்தக் கம்பெனியாவது ஆள் ஏற்ற எடுத்துக்கொள்ளாதா என்று அலைந்துகொண்டிருந்தார். லீலா வாசலில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மிஷினை நிறுத்தினாள்.

“கீது. குடுக்க மாட்டேன்” என்றாள்.

காமிக்ஸ் வாங்கினது அவள் அண்ணன். வெட்டி அனுப்பிவிடுவானே என்று அவன் கையில் படும் முன்னால் இவள் எடுத்து ஒளித்துவிட்டாள். அடி வாங்கினாள், இடத்தைச் சொல்லவில்லை. இவளுக்கும் அந்தப் பூதக்கண்ணாடி மேல் கொள்ளை ஆசை. கூப்பனை எத்தனையோ தடவை கத்தரிக்கோலோடு எடுத்துப் பார்த்து, அப்பாவை நினைத்து உள்ளே வைத்திருக்கிறாள்.

பூமாரி கெஞ்சவில்லை. அடித்தாலும் கொடுக்காதவளிடம் கெஞ்சி வாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். உங்களிடம் காத்தாயி வேறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். லீலா இல்லையென்று தலையாட்டினாள். ஒரே ஒரு கதையை வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறாள் பாவம். அப்போதுதான் அந்த ஒப்பந்தம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூமாரி இரண்டு மூன்று புத்தகம் கொண்டுவருவாள், லீலா படிப்பாள், எல்லாம் முடிந்ததும் பத்தொன்பதைத் தருவாள். அதுவரை கள்ளன் யாரென்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்று பூமாரி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மழைக்காலம் முழுக்க இது நடந்தது. லீலா படிக்கிற வேகத்துக்கு ஜாக்கெட்டெல்லாம் தாமதமானது. காத்தாயி ஏன் அந்த ஜமீன்தாரைச் சும்மா விட்டாள் என்று இரண்டு பேரும் கறி நறுக்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். காமிக்ஸைப் பற்றிச் சரிக்குச் சரி சண்டை போட பூமாரிக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் ஆள் லீலாதான்.

தவளை தன் வாயால் கெடும் என்பது பூமாரிக்கும் பொருந்தும். கடைசித் தவணைக்கு முந்தின கூட்டத்தில் எழிலரசன் மறுபடி தம்பி சௌக்கியமா என்று கேட்டதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “வெட்டாத பத்தொன்பது வடக்குப்பட்டுல ஒரு அக்காட்ட இருக்கு. அடுத்த மாசம் எங்கைல இருக்கும். அப்ப வந்து பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். வேன் கான்ட்ராக்ட் கேட்டு எழிலரசன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் வடக்குப்பட்டு ஆட்கள் இல்லாத நாளே இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லை.

கடைசிப் புத்தகங்களோடும் தன் மூளிப் பிரதியோடும் அந்த ஞாயிறு பூமாரி போனபோது வாசலில் கார் நின்றது. எழிலரசன் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். கோதண்டராமன் பக்கத்தில் கை கட்டி நின்றார். வேனைக் கம்பெனியில் சேர்க்க ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று சார் சொல்லியிருக்கிறார், பதிலுக்குப் புத்தகம் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையதுதான்.

“சார் எவ்ளோ நேரமா குந்திகினு கீறாரு. எடுத்தாந்து குடு” என்றார் கோதண்டராமன்.

“அது இந்தப் பொண்ணுக்குன்னு பேசினது” என்றாள் லீலா.

“பொம்மை புஸ்தகத்துக்கு இன்னா பேச்சு? வேன் ஓடணுமா வாணாவா?”

வேன் வாசலில்தான் நின்றது, மாலை காய்ந்து தொங்க, கடன் தலைக்கு மேலே ஏற. லீலாவுக்கும் அது தெரியும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பூமாரி தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் ஒதுங்கிப் போக மனசு வரவில்லை. “அக்கா, அது உங்க பொருளு. நீங்க யாருக்குக் குடுக்கணும்னு நினைக்கீகளோ அவுகளுக்குக் குடுங்க. சாருக்குப் பயந்து குடுக்காதீக, எனக்காகவும் குடுக்காதீக” என்றாள்.

எழிலரசன் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

லீலா உள்ளே போய்ப் புத்தகத்தோடு வந்தாள். மஞ்சளேறின அட்டையில் குதிரை மேல் காத்தாயி. எழிலரசன் எழுந்தேவிட்டார், கையில் பிளாஸ்டிக் உறை தயாராக இருந்தது. லீலா அவரிடம் கொடுக்கவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

“அம்மா, வேண்டாம்மா!” என்றார் எழிலரசன்.

பூமாரியும் “அக்கா” என்று கத்திவிட்டாள். உலகத்திலேயே முழுசாக மிச்சமிருந்தது அது ஒன்றாகத்தான் இருக்கும். அவளும் சேர்ப்பவள்தானே, அந்தக் கத்தரிக்கோல் அவள் மேலேயே வைத்த மாதிரி இருந்தது.

“வெட்டுற எடம்னு அவனே கோடு போட்டுக்கிறான்” என்றாள் லீலா. “முப்பது வருசமா வெட்டணும் வெட்டணும்னு வெச்சிருந்தேன்.” புள்ளிக்கோட்டின் மேலேயே, ரவிக்கைத் துணி வெட்டுகிற நிதானத்தோடு, மேலிருந்து கீழ்வரை வெட்டினாள்.

புத்தகத்தைப் புருஷன் கையில் வைத்தாள். “நீ வாக்கு குடுத்தது புஸ்தகம் தானய்யா? இந்தா, குடு. உன் வாக்கும் கெட வாணாம்.” வெட்டின பக்கத்தைப் பூமாரியிடம் நீட்டினாள். “நீ தேடினது இத்த தான? நான் குடுத்த வாக்குக்கு இது. உன்னுதுல ஒட்டிக்க.”

எழிலரசன் கையில் இப்போது இரண்டாவது மூளி வந்து சேர்ந்தது. ஒட்டின பிரதியைச் சேகரிப்பில் சேர்க்க முடியாது, யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பூமாரியிடம் சொன்னார். குரலில் பழைய தெம்பு இல்லை.

“ஒங்க கூட்டம் ஒத்துக்கிட வேண்டாம் சார். கடைசிப் பக்கம் எங்கிட்ட இருக்கு” என்றாள் பூமாரி.

அவர் கார் வரைக்கும் போனார். கதவைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். உறைக்குள் போடாமல் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

“வைரத்தை எடுத்தது யாரு? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

கோதண்டராமனும் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். லீலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேள்வி புருஷனுடையது போல அவரிடமே சொன்னாள்.

“இந்த வூட்டுக்கு வந்து இருவத்திமூணு வருசம் ஆவுது. இன்னா கதை படிக்கிறேன்னு ஒரு நாள் கேட்டுக்கிறியா? இப்ப மட்டும் இன்னா அவசரம்?”

எழிலரசன் பூமாரி பக்கம் திரும்பினார். அவள் கடைசிப் பக்கத்தை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்திருந்தாள், தானே இன்னும் ஒரு எழுத்துக்கூடப் பார்க்கவில்லை. “படிச்சாலும் ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன் சார். கம்பெனிக்கு வேன் எடுக்கறதும் எடுக்காததும் வேனைப் பாத்துச் செய்ங்க” என்றாள்.

லீலா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். வெளியே கார் கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. பூமாரி உடனே கடைசிப் பக்கத்தைப் பார்க்கப் போனாள், லீலா கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, பூமாரியின் பிரதியை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்கள்.