பாதிப் படியில் ஒரு அரட்டை

தையற்காரருக்கு வாய் நீளம் என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. அப்பீலே கிடையாது. கடை இரண்டாம் மாடியில். படிக்கட்டுத் திருப்பத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர் மேசை போட்டிருந்தார். மனுஷன் ஏறும்போது அங்கே நின்றால் நின்றதுதான். மேலேயிருந்து இவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்துவாள்: "அரட்டை அடிச்சது போதும், வாங்க!"

அவரும் உடனே வந்து, ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். அங்கேயே பேசித் தீர்த்துவிட்டாராக்கும் என்று இவள் பொருமுவாள்.

ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் போனதால் கண்புரை ஆபரேஷனுக்குப் போனார்கள். அதற்கு முன்பு நெஞ்சைச் சோதித்த டாக்டரம்மா, வைத்த ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் எடுக்கவே இல்லை. ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"இதயத்துலேருந்து ரத்தம் வெளியே போற வால்வு தடிச்சு இறுகிப்போச்சு. சரியாத் திறக்கல."

"காஜா சின்னதாயிடுச்சு, பட்டன் நுழையல. அதானே டாக்டர்?" என்று அவர் சிரித்தார்.

"அதேதான். மயக்கம், நெஞ்சுவலி உண்டா? படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லீங்களே."

"மூச்சாவது, வாங்குறதாவது!" இவள் முந்திக்கொண்டாள். "பாதிப் படியில நின்னு ஊர்க்கதை பேசுற மனுஷன் டாக்டர் இவரு!"

"அப்ப ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம். மூச்சு வாங்க ஆரம்பிச்சா மட்டும் காத்திருக்காதீங்க. உடனே வால்வை மாத்தியாகணும்."

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் இவள் வழக்கம்போல் கத்தினாள். அவர் வழக்கம்போல் ஏறினார். கடைசிப் படியில் சரிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து கடை திறக்க வந்த அன்று, அவள் திருப்பத்தில் நின்றாள். அவர் பேசிய பேச்சில் கொஞ்சமாவது மிச்சம் கிடைக்காதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"அண்ணே, உங்ககிட்ட அப்படி என்னதான் பேசுவாரு? எனக்கும் சொல்லுங்களேன்."

கடிகாரக்காரர் விழித்தார்.

"பேசுறதா? அவரு எங்க தங்கச்சி பேசுனாரு? நான்தான் தொணதொணன்னு பேசிட்டிருப்பேன். அவரு படிக்கட்டுக் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுத் தலைய மட்டும் ஆட்டுவாரு. ஏதாச்சும் கேட்டா, கொஞ்சம் இருன்னு கையக் காட்டுவாரு."

அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பதிலுக்குக் காத்துட்டிருப்பேன். அதுக்குள்ள நீங்க கூப்பிட்டுடுவீங்க."