ஒரு நாள் ஆட்டக்காரன்

டொலீடோ அணி மைதானத்தின் வாசலில் காவலாளி கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். உள்ளே போவதற்கான அட்டையை மட்டும் கையில் கொடுக்காமல் தூக்கி எறிந்தான். "பிடி, ஓசெல்!" என்று இளித்தான்.

ஓசெல் டார்ப்ளி கையை நீட்டவே இல்லை. அட்டை தரையில் விழுந்தது. பதினோரு வருஷமாக இந்த ஊரில் யாராவது எதையாவது அவன்மேல் எறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் சில்லறை, ஓட்டலில் ரொட்டி, ஒருமுறை ஒரு சாவு வீட்டில்கூட ஆரஞ்சுப் பழம். ஊரை விட்டுப் போய்விடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் போக வேண்டும்? வீடு அவனுடையது, வீதியும் அவனுடையது.

கூட வந்த அக்கா ஜெர்லீன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் மஞ்சள் தொப்பியைப் புதன்கிழமையே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காவலாளியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்பா, உங்க வீட்டுல சாப்பாடும் இப்படித்தான் போடுவாங்களா? குனிஞ்சு எடுத்துக் குடு."

அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

ஓசெல் இந்த அணிக்கு ஒன்பது சீசன் அமெரிக்கக் கால்பந்து ஆடியவன்; எறியும் பந்தை ஓடிப்போய்க் கையால் பிடிப்பதுதான் அவன் வேலை. நானூறு பந்துக்கு மேல் பிடித்தவன். அதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. அரையிறுதி ஆட்டத்தில் பதினோரு விநாடி மிச்சமிருந்தபோது, கடைசிக் கோட்டுக்கு அப்பால் இரண்டு கையிலும் வந்து நழுவிய, பிடித்திருந்தால் அணி ஜெயித்திருக்கும் அந்த ஒரே பந்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்னால் பயிற்சியில் அவன் இடது கையில் இரண்டு விரல் முறிந்தது ஊருக்குத் தெரியாது. அணியின் டாக்டர் ஊசி போட்டு, இரண்டு விரலையும் சேர்த்துப் பட்டை ஒட்டி, "சுளுக்குத்தான், ஆடு" என்றார். ஆட்டத்தன்றும் ஒரு ஊசி போட்டார். கை மரத்துப் போயிருந்தது. பந்து கையில் பட்டதை ஓசெல் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டியபோது, "கைக்கு வந்த பந்து. பிடிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னான். பந்து பிடிக்கிறவன் அடுத்தவனைக் கை காட்டக்கூடாது, அதுதான் அவர்கள் தொழிலில் மரியாதை. அந்த மரியாதைக்குக் கிடைத்த பரிசு, மறு செவ்வாய்க்கிழமையே சீட்டுக் கிழிப்பு. வெளியே அனுப்பும்போது பார்த்த பரிசோதனையில் அதே டாக்டர், 'கைகள்: குறையில்லை' என்று எழுதினார். அதன்பிறகு எந்த அணியும் அவனை எடுக்கவில்லை.

இப்போது அணிக்குத் திடீரென்று பாசம் பொங்கியிருந்தது. பழைய ஆட்டக்காரனோடு ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் போட்டு, எங்கள் ஆளாகவே ஓய்வு பெறுகிறான் என்று கைதட்டி அனுப்புவது அங்கே வழக்கம். மேனேஜர் கிப் லுண்ட்கிரென், கேமராக்கள் முன்னால் ஓசெல் படிக்க வேண்டியதையும் எழுதி அனுப்பியிருந்தார். 'அன்று நான் பந்தை விட்டேன். இந்த ஊர் என்னை மன்னித்தது.' அதைப் படித்த அன்று ஓசெலுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

"வாப்பா ஓசெல்! கையெழுத்தைப் போடு, பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். கேமராக்காரங்க காத்திருக்காங்க" என்றார் கிப்.

"டாக்டர் எங்க?"

"டாக்டர் எதுக்கு?"

"ஆட்டக்காரனைச் சேர்த்தா உடம்பைப் பார்க்கணும். உங்க ஒப்பந்தத்துலயே மூணாவது பக்கத்துல இருக்கு."

"அட, அது சும்மா எழுதி வச்சதுப்பா. ஒரு நாளுக்கு வர்றவங்க யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன்."

"அவன் உடம்பு, அவன் கேக்கறான்" என்றாள் ஜெர்லீன். "பாக்குறதுல உங்களுக்கு எங்க வலிக்குது?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருபது கேமரா. கிப் சிரித்தபடியே பல்லைக் கடித்தார்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது இருப்பவர் இபாரா என்ற இளம் பெண். அவர் ஓசெலின் இடது கையை எக்ஸ்ரே எடுத்து, அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓசெல் வந்ததே ஒரு வரிக்காகத்தான். இவரும் அதே 'குறையில்லை'யை எழுதிவிட்டால், செத்தாலும் அவன் பந்தை விட்டவன்தான்.

"இது எப்ப முறிஞ்சது?"

"நீங்க சொல்லுங்க டாக்டர்."

"ரொம்பப் பழசு. பத்து வருஷமாவது இருக்கும். யாருமே நேரா வச்சுக் கட்டலியே." கணினியில் அவனுடைய பழைய கோப்பைத் திறந்தார். கடைசிப் பக்கத்தைப் படித்தார். மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

கிப் கதவோரம் தலை நீட்டினார். "பாஸ்னு போட்டு அனுப்புங்க டாக்டர், நேரமாச்சு."

"மடங்காத விரலுக்கு எப்படி சார் பாஸ் போடறது?" என்றார் இபாரா. கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை ஓசெலிடம் கொடுத்தார்.

கேமராக்களுக்கு முன்னால் ஓசெல் அந்த நகலைத்தான் பிரித்தான்.

"'இடது கை, இரண்டு விரல்கள். பழைய முறிவு, சிகிச்சை செய்யப்படவில்லை. குறைந்தது பத்து வருடம். ஆடத் தகுதியில்லை.'" நிமிர்ந்தான். "பரிசோதனையில நான் தேறலை. அதனால ஒப்பந்தம் செல்லாது. நான் டொலீடோ ஆளா ஓய்வு பெறலை. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே கையைப் பாத்து 'குறையில்லை'ன்னு எழுதி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் நான் எங்கயும் ஆடலை. மிச்சத்தை அவங்களைக் கேளுங்க."

"அப்போ ஊர் உங்களை மன்னிச்சதுன்னு இதுல இருக்கே?" என்று, கிப் முன்கூட்டியே கொடுத்திருந்த தாளைக் காட்டி ஒரு நிருபர் கேட்டார்.

"நான் எப்பய்யா மன்னிப்பு கேட்டேன்?"

கிப்பின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஜெர்லீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள்.

வாசல் காவலாளி தன் அறையிலிருந்த டிவியில் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். கார் சாவியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தான்.

ஓசெல் நாலடி பின்னால் போனான். இடது கையைத் தூக்கினான்.

"எறி."

"இல்ல சார், நான் ஏதோ விளையாட்டுக்கு..."

"எறிய்யா!"

சாவி கொஞ்சம் உயரமாகவே வந்தது. ஐந்து விரலில் மூன்றுதான் மடங்கின. சாவி கீழே விழவில்லை.